தொட்டிக்குள் ஒரு வேண்டாம்

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் 'மேகமலர்' அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டி முதன்முதலாகப் பேசிய அன்று, அதைக் கேட்க வந்தவர்களைவிட மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். அடுத்த வாரமே அங்கே வரிசை நிற்கத் தொடங்கியது.

அதைப் பேச வைத்தவள் நிறைமதி. நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தண்ணி சம்பந்தமா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். உண்மையில் படிப்பு முடித்த நாள் முதல் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு செல்லால் ஆன ஒரு பிராணியை. குளத்திலும் கழிவுநீரிலும் வாழும் அது நீல நிறம், அச்சு அசல் நாயனத்தின் உருவம். குறுகிய முனையால் எதையாவது பற்றிக்கொண்டு, அகன்ற வாயை விரித்து, பாக்டீரியாக்களைச் சுழற்றி இழுத்துத் தின்னும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. ஆனாலும் பிடிக்காத ஒன்று மேலே பட்டால், அடுத்து என்ன செய்வது என்று அது முடிவெடுக்கிறது என்பது நிறைமதியின் கட்சி.

அந்த முடிவைக் காதால் கேட்க ஒரு கருவி செய்தால் என்ன என்று அவளுடைய முதலாளி பரணிதரனுக்குத் தோன்றியது. செய்தார்கள். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. உள்ளே கண்ணாடி அறையில் கொஞ்சம் நாயனப் பிராணிகள். தொட்டிக்குப் போகும் தண்ணீர் அவற்றின்மேல் வழிந்து போகும். அவை நிம்மதியாக வாயைத் திறந்து வைத்திருந்தால் பெட்டி "சரி" என்று சொல்லும். அவை முரண்டு பிடித்தால் அவற்றின் உடலில் ஓடும் மின்சாரத்தை வைத்துக் கண்டுகொண்டு "வேண்டாம்" என்று சொல்லும். இந்த இரண்டு சொற்களையும் பதிவுசெய்து கொடுத்தவர் பரணிதரனின் பெரியம்மா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய "வேண்டாம்" காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றும்.

குளியலறையில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக் கூடாது என்று குடியிருப்புவாசிகளுக்குப் புரியவைப்பதுதான் திட்டம். குடியிருப்புவாசிகள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். ஏ பிளாக்கில் ஒருவர் தன் மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா என்று தொட்டியோரம் நின்று கேட்டார். அது "சரி" என்றது. அன்று தண்ணீர் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு கார் வாங்குபவர்கள் வந்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்த்த கையோடு மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பெட்டிக்கு முன்னால் நீட்டிய அம்மாக்கள் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியின் தலையில் குங்குமப் பொட்டு இருந்தது. நிறைமதி துடைத்துவிட்டாள். மறுநாள் இரண்டு பொட்டு இருந்தது.

இப்படி இருந்தபோதுதான் பெட்டி தினமும் காலைச் சிற்றுண்டி நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தது. மதியம்வரை அதே பேச்சுதான். நிச்சயமாகவிருந்த ஒரு கல்யாணம் தள்ளிப்போனது. தண்ணீரும் உண்மையிலேயே கலங்கி நாற ஆரம்பித்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சென்னியப்பன் அவசரக் கூட்டம் கூட்டினார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். லிஃப்ட் பொத்தானை எந்த விரலால் அழுத்த வேண்டும் என்பதற்குக்கூடச் சுற்றறிக்கை அனுப்பக்கூடியவர். சில மாதங்களாக உடம்பு பாதியாகியிருந்தாலும் குரல் இளைக்கவில்லை.

"இத பாருங்க, இதுல ரோசனை பண்றக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, பெட்டி, தொட்டி மொத்தத்தையும் கழுவி ஊத்திப்போட்டு, கழிவைத் திங்கற கிருமியைப் புதுசா வாங்கி உட்டுக்கலாம்."

யோகா சொல்லித்தரும் ஹேமலதா எழுந்தார். "சார், அதுங்க வேணாம்னு சொல்லுது. சொல்றவங்களைக் கொன்னுட்டு, சரின்னு சொல்றவங்களைக் கொண்டாந்து வெப்பீங்களா?"

"ஓ! அப்ப ஓட்டுரிமையும் குடுத்துப்போடலாங்களா? அடுத்த தேர்தல்ல செயலாளருக்கு நிக்கட்டும்!"

"நின்னா ஜெயிச்சிடும் சார்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை.

நிறைமதி எழுந்து, "எனக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். எதுக்கு வேண்டாம்னு சொல்லுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றாள். பிளீச்சிங் பவுடர் கொட்டினால் போவது பிராணிகள் மட்டுமல்ல, அவளுடைய இத்தனை வருட வேலையும்தான்.

"அதெல்லாம் எதுக்குங் கண்ணு, வெட்டி வேலை" என்றார் சென்னியப்பன். ஆனால் கூட்டம் அவகாசம் கொடுத்தது.

ஒவ்வொரு பிளாக்கின் குழாயிலும் ஒரு சிறு பெட்டியை மாட்டினாள். பி பிளாக் பெட்டி மட்டும் "வேண்டாம்" என்றது. பி பிளாக்காரர்கள் தங்கள் மானம் போய்விட்டதாகச் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வீடுகளின் பொதுக் குழாய்களில் மாட்டினாள். கிழக்கு வரிசை சிக்கியது. அந்த வரிசையில் தரைத்தளம் பூட்டிக் கிடந்தது. அதற்கு மேலே ஐ.டி. பையன்கள்; அவர்களுடைய குளியலறையைப் பார்த்ததுமே அங்கே ஆசிட், பினாயில் எதுவும் கால்வைத்ததே இல்லை என்று நிறைமதிக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது மேல்வீடு. செயலாளர் வீடு.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி தெய்வானை. "வா அம்மிணி, நீதான் அந்த நாயனக்காரப் புள்ளையா? உக்காரு, காப்பி போடறேன்" என்றார்.

காபி வருவதற்குள் கதையும் வந்தது. சென்னியப்பனுக்கு ரத்தத்தில் புற்றுநோய். ஒருமுறை அடங்கிப்போய்த் திரும்ப வந்திருக்கிறது. மெல்போர்னில் இருக்கும் மகன் இங்குள்ள டாக்டரிடம் பேசி, தினமும் ஒரு மாத்திரை என்று முடிவாகியிருக்கிறது.

"காத்தால இட்லி தின்னதும் கையில குடுத்துருவேன். என்ற முன்னால முழுங்குனா ஓங்கரிக்குதுன்னு பாத்ரூமுக்குள்ள போயித்தான் முழுங்குவாரு. கதவெல்லாம் தாழ் போட்டுக்குவாரு. கூச்சம்" என்றார் தெய்வானை.

நிறைமதி காபியைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைப் பார்த்தாள். சரியாக அப்போது சென்னியப்பன் உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அம்மிணி, மொட்டை மாடில தண்ணித் தொட்டியை ஒருக்கா பாத்துரலாம், வா" என்றார். மொட்டை மாடிக்குப் போனதும் தண்ணீர்த் தொட்டி இருந்த திசைப்பக்கம்கூட அவர் திரும்பவில்லை.

"ஆமா. நாந்தான். டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணிட்டிருக்கறேன். ரெண்டு மாசமாச்சு."

"ஏன் சார்?"

"போன தடவை அதை முழுங்கிப்போட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சோத்தைக் கண்டா மண்ணு மாதிரி. மாடிப்படி ஏற முடியாது. அதைத் தின்னு ஒரு வருசம் படுத்திருக்கறதுக்கு, திங்காம ஆறு மாசம் நடமாடிட்டுப் போறேன்னு முடிவு பண்ணுனேன்."

"வீட்ல சொல்லலையா?"

"மவன் டாக்டரைக் கேட்டான். டாக்டரு ரிப்போர்ட்டைக் கேட்டாரு. தெய்வானை சாமியைக் கேட்டா. என்னை ஒருத்தரும் கேக்குலீயே, கண்ணு. அந்தச் சாக்கடைப் பூச்சியை நிக்க வெச்சுக் கேக்கறீங்க, சரியா, வேண்டாமான்னு. எனக்கு எவன் பெட்டி வெச்சான்?"

பிறகு அவரே கேட்டார்: "அதுக்கு நெசமாவே தெரியுமா? வேண்டாம்னு சொல்றோம்னு?"

"தெரியலைங்க சார். ஒரே மாதிரி ரெண்டு செல்லு, ஒரே தண்ணி, ஒரே தொந்தரவு. ஒண்ணு வளைஞ்சு குடுக்கும். இன்னொண்ணு வாயால ஊதித் தள்ளிப் பாக்கும். அதுவும் ஆகலைன்னா சுருங்கிக்கும். கடைசியில புடிச்ச எடத்தையே விட்டுட்டுப் போயிரும். எது என்ன பண்ணும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது. உள்ள யாராவது இருந்துதான் முடிவு பண்றாங்களா, சும்மா ரசாயனமான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாததுக்கா இவ்வளவு மரியாதை?"

"தெரியாததாலதான் சார்."

பிறகு, நாளையிலிருந்து மாத்திரையை டாய்லெட்டில் போடாமல் அவளிடம் கொடுத்துவிடுவதாகவும், அவள் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் பேசி முடித்தார்கள். அவருடைய முடிவு தப்பு என்று சொல்ல நிறைமதிக்கு வாய் வரவில்லை; சரி என்று சொல்லவும் வரவில்லை.

மறுநாள் காலை வராந்தாவில் கள்ளக்கடத்தல் மாதிரி ஒரு மஞ்சள் மாத்திரை கைமாறியது. நிறைமதி நிம்மதியாகத் தொட்டிக்குப் போனாள். பெட்டி, "வேண்டாம்" என்றது.

பழைய தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். அதற்கு மறுநாளும் மாத்திரை கைமாறியது. அன்றும் "வேண்டாம்". கிழக்கு வரிசைக் குழாய்தான். அதே சிற்றுண்டி நேரம்தான்.

குழப்பத்தோடு அவள் ஒரு மாத்திரையைக் கரைத்துக் கண்ணாடி அறைக்குள் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வளைவார்கள், ஊதுவார்கள், ஓடுவார்கள் என்று காத்திருந்தாள். நாயனக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். பெட்டி தலைமையாசிரியைக் குரலில் கனிவாகச் சொன்னது: "சரி."

நிறைமதி கரைசலை முகர்ந்து பார்த்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். வாய்ப்புண் வந்தபோதெல்லாம் அவள் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். அது பி காம்ப்ளெக்ஸ் சத்து மாத்திரை.

இதற்கு நடுவே பரணிதரன் போன் செய்தான். குழாய்ப் பெட்டிகளின் தகவல் அவனுடைய திரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"மதி, ஒரே வீடு வரைக்கும் போயிட்டியா? செம! இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுதா? யாரு மருந்து சாப்பிடல, யாரு என்னத்த ஊத்துறாங்க, எல்லாம் தெரிஞ்சிரும். இன்ஷூரன்ஸ்காரங்க கால்ல விழுவாங்க. எந்த வீடு அது?"

"இன்னும் உறுதியாகலைங்க."

"வீட்டுக்கு ஒரு பெட்டி வெச்சிரலாம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நானே வந்து பேசறேன்."

வந்தான். திரை போட்டு, படம் காட்டி, இலவசமாகவே ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் பெட்டி மாட்டுவதாகச் சொன்னான். எந்த வீட்டிலிருந்து எது போனாலும் நாயனக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றான்.

கூட்டத்தினர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏ பிளாக் கார்மேகம், "எதுங்க, எது போனாலுமா?" என்று கேட்டார்.

"எது போனாலும் சார்."

"மீன் கழுவுன தண்ணி?" என்றார். சொன்ன பிறகுதான் தன் வீட்டை முழுச் சைவக் குடும்பம் என்று சத்தியம் செய்து வாடகைக்கு எடுத்தது நினைவுக்கு வந்தது போலும்; "ஒரு உதாரணத்துக்குக் கேட்டேன்" என்று உட்கார்ந்தார்.

தலைக்குச் சாயமே பூசுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்த ஒருவர் இது தனிமனித உரிமைக்கு எதிரானது என்று முழங்கினார். பிராணிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹேமலதாவே எழுந்து, "அதுங்க பேசறது நல்ல விஷயம்தான். ஆனா எங்க வீட்டைப் பத்தி எதுக்குப் பேசணும்?" என்றார். அவர் வாராவாரம் தலைகீழாக நிற்கச் சொல்லித்தரும் மாணவிகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வீடு பெட்டி வேண்டாம் என்று அந்தச் சங்க வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மேடையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். பரணிதரன் திரையைச் சுருட்டிக்கொண்டு போனான். நிறைமதி சொல்ல வேண்டிய பதிலையும் பிளீச்சிங் பவுடரையும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

கூட்டம் கலைந்ததும் நிறைமதி அவரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"என்னது? சத்து மாத்திரையா?" அவருடைய முகம் சிவந்தது. ரத்தம் ஊறாத உடம்பில் அவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்ததோ. "ஆஸ்பத்திரிக்காரன் போலி மாத்திரையைக் குடுத்து ஏமாத்தியிருக்கறானா? உட மாட்டேன்!"

அவள் தடுப்பதற்குள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"தெய்வான! கேட்டயா சங்கதிய? அந்த மாத்திரை அத்தனையும் போலி! கேஸு போடறேன் பாரு! கோர்ட்டுக்கு இழுத்து..."

தெய்வானை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார்: "அது போலின்னு உங்களுக்கு எப்படிங்க மாமா தெரிஞ்சுது?"

சென்னியப்பனின் வாய் திறந்தபடியே நின்றது.

"தெனமும் முழுங்கிட்டுத்தானே இருந்தீங்க? வயித்துக்குள்ள போன மாத்திரையை யாரு எடுத்துப் பாத்தாங்க?"

அவர் நிறைமதியைப் பார்த்தார். நிறைமதி கீரையைப் பார்த்தாள்.

"நான்... முழுங்குல" என்றார் கடைசியில். "தூக்கிப் போட்டுட்டிருந்தேன்."

தெய்வானையின் கை நின்றது. பிறகு கீரைத் தட்டை நகர்த்திவைத்தார்.

"ஆஸ்பத்திரிக்காரனை வையாதீங்க. மாத்தி வெச்சது நாந்தான்."

"நீயா?"

"போன தடவை நீங்க பட்ட பாட்டைப் பாத்தேனல்ல. ராத்திரியெல்லாம் நீங்க ஓங்கரிக்கறதைக் கேட்டுட்டு இந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். திரும்பி என்ற கையாலயே அதை உங்களுக்குக் குடுக்க என்னால ஆகுலீங்க. மவன்கிட்டச் சொன்னா வைவான். உங்ககிட்டச் சொன்னா, சீக்கிரம் போகட்டும்னு நெனைக்கறாளோன்னு நெனைப்பீங்க. அதான் டப்பாவுல அதே நெறத்துச் சத்து மாத்திரையைப் போட்டுட்டு, நீங்க பாத்ரூமுக்குள்ள போற நேரத்துல நெசத்தைச் சிங்குல கரைச்சு ஊத்திட்டிருந்தேன்."

நிறைமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பெட்டி வேண்டாம் என்றது சிங்கில் கரைந்து வந்த நிஜ மாத்திரையைத்தான். சென்னியப்பனுக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா கதவைத் தாழ் போட்டுட்டு, நெஞ்சு படபடக்க, என்னமோ பெரிய புரட்சி பண்றதா நெனச்சுட்டிருந்தேன். வைட்டமினைத் தூக்கிப் போட்டிருக்கறேன்!"

"அதைத் தின்னிருந்தாலாவது ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்கும்" என்றார் தெய்வானை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சென்னியப்பன் அவருடைய கையிலிருந்த கீரைக்காம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சட்டென்று கோபம் வந்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டயா நீ?" என்றார்.

"நீங்க சொன்னீங்களா?"

இரண்டு பேரும் நிறைமதியைத் தீர்ப்புச் சொல்ல வந்தவளைப் போலப் பார்த்தார்கள். அவள், "டாக்டர்கிட்ட போயிரலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவளும் கூடப் போனாள். டாக்டர் கேட்டுவிட்டு முதலில் இருவரையும் திட்டினார். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, திட்டுவதைக் குறைத்துக்கொண்டார். நோய் ஏறியிருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றார். பழைய அளவில் பாதி கொடுத்துப் பார்க்கலாம், வாந்திக்கு வேறு மருந்து சேர்க்கலாம்; ஒன்றுமே எடுக்காமல் வலிக்கு மட்டும் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்றார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு காலம், எவ்வளவு கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும் சார்?"

லிஃப்ட் பொத்தானுக்குக் கருத்துச் சொல்லும் சென்னியப்பன் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், பிரித்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க மாமா. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"தெரியலீங்களே டாக்டர்" என்றார் சென்னியப்பன். குரல் முதன்முறையாக இளைத்திருந்தது. "கேக்க மாட்டாங்கன்னே நெனச்சுட்டேன். பதிலு தயார் பண்ணுல."

ஒரு வாரம் யோசித்தார். சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, குடியிருப்பே கவலைப்பட்டது. பிறகு மெல்போர்னுக்குப் போன் போட்டு, மகன் குறுக்கே பேசியபோது "நான் முடிச்சுக்கறேன், இரு சாமி" என்று அடக்கி, முடிவைச் சொன்னார். பாதி அளவு மாத்திரையை எடுத்துக்கொள்வது. ஆனால் அதைச் சாசனமாக எழுதிக்கொடுத்ததாக யாரும் நினைக்கக் கூடாது. தினமும் அவரைக் கேட்க வேண்டும்.

"தெனமுமா? ஏனுங்க, ஒருக்கா சரின்னு சொன்னா போதாதுங்களா?" என்றார் தெய்வானை.

"போதாது. இன்னைக்கு எனக்குத் தெரியறது நாளைக்குத் தெரியுமோ என்னமோ."

நிறைமதி குழாய்ப் பெட்டிகளைக் கழற்றிவிட்டாள். பரணிதரனுக்கு அனுப்பிய அறிக்கையில் வீட்டு எண் இல்லை. அதற்காக அவன் கத்தினான். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொட்டி தெளிந்தது. தள்ளிப்போன கல்யாணமும் நடந்தது.

மார்கழியில் ஒருநாள் காலை, தெய்வானை கூப்பிட்டதால் அவள் சிற்றுண்டிக்குப் போயிருந்தாள். சென்னியப்பன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் இருந்தது. தெய்வானை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாமா, போட்டுக்கறீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இட்லியின் ஆவி அடங்கும்வரை யோசித்தார்.

"இன்னைக்கு வேண்டாம், தெய்வான" என்றார்.

தெய்வானை மாத்திரையை டப்பாவில் போட்டு மூடினார். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். பிறகு கரண்டியை எடுத்தார்.

"சட்னி ஊத்தட்டுங்களா?"